"சிரி" என்று சொல்லாமல் படம் எடுக்கலாம்

கேள்வி: ஓகஸ்ட் விடுமுறைக்குப் பாசிக்குடா, மட்டக்களப்பு போகிறோம். படம் எடுப்பது என் கணவர். அடையாள அட்டைக்கு நிற்பதுபோலவே எல்லாப் படத்திலும் விறைத்து நிற்கிறேன். கையில் போன் மட்டும்தான். இயல்பாகவும் ஸ்டைலாகவும் படம் வர வழி இருக்கிறதா? (வாசகி, கல்முனை)

பதில்: "இங்க பாரு, சிரி" என்றதும் யாருக்கும் தோள் ஏறிவிடும், கையை எங்கே வைப்பதென்று தெரியாது. அதனால் பதிலில் பாதி உங்கள் கணவருக்கு.

கைக்கு ஒரு வேலை கொடுங்கள். மட்டக்களப்பில் கல்லடிக் கடற்கரையில் ஒரு சுருள் கச்சான் கடலை வாங்கிக்கொண்டு மணலில் உட்காருங்கள். கோது உடைக்கும்போது விரல், பார்வை, கழுத்து எல்லாம் தானாகவே ஒரு பக்கம் சாயும். அவர் நாலைந்து அடி தள்ளி, பக்கவாட்டில் இருந்து எடுக்கட்டும். ஏதாவது கதை கேட்கட்டும். பதில் சொல்ல நீங்கள் நிமிர்கிற அந்தக் கணம்தான் படம். அதை ஒரே தட்டில் பிடிக்க முடியாது. தொடர் படமாக எடுக்க வேண்டும். ஐபோனில் ஷட்டர் பொத்தானை இடப்பக்கம் இழுத்துப் பிடிக்க வேண்டும், சாம்சங்கில் கீழ்ப்பக்கம். இரவு அறைக்குப் போய் ஆறுதலாகப் பார்த்து, நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடலாம்.

நடக்கிற படத்துக்கு நேராகக் கமராவை நோக்கி வராதீர்கள், குறுக்காகக் கடந்து போங்கள். பின்கால் குதி உயர்ந்திருக்கும் படத்தைத் தெரிவு செய்யுங்கள். இரண்டு பாதமும் தரையில் பதிந்த படம் நிற்கிற படமாகத்தான் தெரியும்.

அடுத்தது வெளிச்சம். நம் கரையில் சூரியன் கடலில் உதிக்கிறது, சீக்கிரமே உச்சிக்கும் ஏறிவிடுகிறது. எட்டரை தாண்டினால் கண்ணுக்குக் கீழே கறுப்பு நிழல் விழும். ஆகவே பாசிக்குடாவை விடியலுக்கு வையுங்கள். அங்கே வெகுதூரம் வரை ஆழம் குறைவு என்பதால் அவர் தண்ணீருக்குள் இறங்கி நின்று கரையைப் பார்த்து எடுக்கலாம். இளவெயில் நேரே உங்கள் முகத்தில் விழும். எல்லோரும் கரையில் நின்று கடலைப் பார்த்து எடுத்து, முகம் இருட்டாக வந்தது என்று போனைத் திட்டுகிறார்கள்!

மாலையில் வாவிப் பக்கம் வாருங்கள். கல்லடியில் 2013இல் திறந்த புதிய பாலத்துக்குப் பக்கத்திலேயே பழைய இரும்புப் பாலம் நிற்கிறது. அதன் இரும்புச் சட்டங்களே படத்துக்கு நல்ல சட்டகம். கச்சான் காற்று மேற்கிலிருந்து வீசும் நாளில் மேற்கே பார்த்து நில்லுங்கள்: பொழுதுபடுகிற வெளிச்சம் முகத்தில் விழும், தலைமுடியும் வாய்க்குள் போகாமல் பின்னால் பறக்கும். மத்தியானத்தில் படமே வேண்டாம் என்பேன். எடுத்தே ஆகவேண்டுமென்றால் விறாந்தை நிழலில் வெளியே பார்த்து நில்லுங்கள். தென்னை நிழல் உதவாது, முகமெல்லாம் புள்ளி புள்ளியாக விழும்.

போனில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். அகலக் கோணத்தில் ஓரத்தில் நிற்பவர் இழுபட்டுத் தெரிவார். பின்னால் தள்ளிப்போய் 2 மடங்கு சூமில் எடுக்கட்டும். முழு உருவம் வேண்டுமென்றால் போனை இடுப்பளவுக்கு இறக்கட்டும். கடற்காற்றின் உப்பு லென்ஸில் படிந்து படத்தைப் புகையடித்ததுபோல ஆக்கும், அடிக்கடி பருத்தித் துணியால் துடையுங்கள்.

உடுப்பு ஒரே நிறமாக இருக்கட்டும். நீலத் தண்ணீருக்கு முன்னால் மஞ்சளும் செங்கல் சிவப்பும் எடுப்பாக இருக்கும். கஞ்சி போட்ட சேலையை வீட்டிலேயே வையுங்கள், காற்றுக்கு அசையாது.

கரைவலை இழுப்பவர்களைப் பின்னணியாக்க நினைத்தால் முதலில் கேளுங்கள், வலைக் கயிற்றைத் தாண்டிப் போய் நிற்காதீர்கள். கோயில், பள்ளிவாசலிலும் கேட்டபிறகே எடுங்கள். விகாரைக்குப் போனால் புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று எடுக்கக் கூடாது. பொலிஸ் வரை போகிற விசயம் அது.