எபாக்ஸி வார்ப்பு உடைகிறதே?

கேள்வி: எபாக்ஸி ரெசினை ட்ரைஎத்திலீன் டெட்ரமைன் ஹார்டனர் கலந்து வார்க்கிறேன். சற்று வளைத்தாலே உடைகிறது. ஹார்டனரைக் கூட்டலாமா?

பதில்: கூடவே கூடாது. மிஞ்சும் அமீன் (ஹார்டனரில் ரெசினோடு வினைபுரியும் பொருள்) வினைபுரியாமல் தங்கி ஈரத்தை இழுக்கும், மேற்பரப்பு பிசுபிசுக்கும். உங்கள் ஹார்டனரின் மூலக்கூறு குட்டையானது. அதனால் ரெசின் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்குப் பிணைப்புகள் நெருக்கமாக அமைகின்றன, சங்கிலிகள் அசைய இடமே இல்லை. நீளமான, வளையும் சங்கிலி கொண்ட பாலிஈதர் டைஅமீன் என்ற ஹார்டனரைப் பாதிக்குப் பாதி கலந்து பாருங்கள். பாதி என்பது எடையில் அல்ல, வினைபுரியும் அளவில்.

எபாக்ஸி சமான எடை (ஒரு மோல் எபாக்ஸி குழு உள்ள ரெசினின் கிராம் எடை) 190 உள்ள ரெசின் 100 கிராமுக்கு உங்கள் ஹார்டனர் 13 கிராம் வேண்டும் (24 × 100 ÷ 190; 24 என்பது அந்த ஹார்டனரின் அமீன் ஹைட்ரஜன் சமான எடை, அதாவது வினைபுரியும் ஹைட்ரஜன் ஒரு மோல் உள்ள கிராம் எடை). அதை 6.5 கிராமாகக் குறைத்து, அமீன் ஹைட்ரஜன் சமான எடை 60 உள்ள பாலிஈதர் டைஅமீன் 16 கிராம் சேருங்கள். தராசில் நிறுத்தே எடுங்கள். கண்மதிப்பு இங்கே உதவாது. இறுகுவது மெதுவாகும். ஒரு நாள் விட்டு, 80 டிகிரி செல்சியஸில் 2 மணி நேரம் சூடாக்குங்கள். நெகிழ்வு கூடும், வெப்பத் தாங்குதிறன் குறையும்.

வளைய வேண்டாம், விரிசல் ஓடாமல் இருந்தால் போதும் என்றால் வழியே வேறு: கார்பாக்சில் முனையுள்ள நைட்ரைல் ரப்பர், 100 பங்கு ரெசினுக்கு 5 முதல் 10 பங்கு. ரெசினோடு முன்பே வினைப்படுத்திய வகையையே வாங்குங்கள். இறுகும்போது அது மைக்ரான் அளவுத் துகள்களாகப் பிரிந்து நின்று விரிசலின் ஆற்றலை வாங்கிக்கொள்ளும். சரியாகப் பிரியாமல் கரைந்தே நின்றுவிட்டால் பொருள் மென்மையாகும், அவ்வளவுதான்.