அலுவலக பிராக்ஸியைத் தாண்டாத எக்ஸ்டென்ஷன் அப்டேட்: கேள்வி பதில்

ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க் குழுவில் பல வருடம் பிராக்ஸியை, அதாவது அலுவலகத்துக்கும் இணையத்துக்கும் நடுவில் நின்று போக்குவரத்தை விடுகிற அல்லது தடுக்கிற சர்வரை, பார்த்துக்கொண்டவன் நான். அதாவது உங்கள் அப்டேட்டை நிறுத்தி வைக்கும் கோஷ்டியைச் சேர்ந்தவன். கேளுங்கள். எரர் என்ன சொன்னது என்பதை முழுதாக எழுதுங்கள். "வரமாட்டேங்குது" என்றால் எனக்கும் ஒன்றும் வராது.

சிறுசேரி ஷிஃப்ட்: விஎஸ் கோடில் (நிரல் எழுதும் எடிட்டர்) எக்ஸ்டென்ஷன் (கூடுதல் வசதி சேர்க்கும் துணை நிரல்) தேடினால் பட்டியல் வருகிறது. இன்ஸ்டால் அழுத்தினால் சுற்றிக்கொண்டே இருந்து கடைசியில் தோற்கிறது. பட்டியல் வருவதால் பிராக்ஸி சரிதானே?

பாதி சரி. பட்டியல் வருவது மார்க்கெட்பிளேஸ்.விஷுவல்ஸ்டுடியோ.காம் என்ற முகவரியிலிருந்து. கோப்பு இறங்குவது வேறு இடம்: கேலரி.விஎஸ்அசெட்ஸ்.ஐஓ, கேலரிசிடிஎன்.விஎஸ்அசெட்ஸ்.ஐஓ என்று முடியும் முகவரிகள். முன்னால் எக்ஸ்டென்ஷன் வெளியிட்டவரின் பெயர் சேரும் என்பதால் அது ஒவ்வொன்றுக்கும் மாறும். உங்கள் ஐடி ஆட்கள் முதல் முகவரியை மட்டும் திறந்துவிட்டு டிக்கெட்டை (நீங்கள் பதிந்த புகாரை) மூடியிருப்பார்கள். நானே அப்படி மூடியிருக்கிறேன். மற்ற இரண்டையும் முன்னால் நட்சத்திரக் குறி போட்டுத் திறக்கச் சொல்லுங்கள்.

இரவுப்பணி: 407 என்று வருகிறது. பிராக்ஸி செத்துவிட்டதா?

உயிரோடு இருப்பதால்தான் 407. "நீ யார், பெயரைச் சொல்" என்று பிராக்ஸி கேட்கிறது. 403 என்றால் யாரென்று தெரிந்தோ தெரியாமலோ, விட மறுக்கிறது. பதிலே வராமல் டைம் அவுட் ஆனால் பெரும்பாலும் உங்கள் மென்பொருள் பிராக்ஸி பக்கமே போகவில்லை, நேராக வெளியே போகப் பார்த்து ஃபயர்வாலில் முட்டிக்கொண்டது. இந்த மூன்றையும் பிரித்துப் பார்த்தாலே பாதி டிக்கெட் குறையும்.

பாஸ்வேர்டை பிராக்ஸி முகவரிக்குள் எழுதும் ஆளாக இருந்தால், அதிலுள்ள @ குறியை %40 என்று எழுத வேண்டும். இல்லையென்றால் பாஸ்வேர்டு எங்கே முடிகிறது, சர்வர் பெயர் எங்கே தொடங்குகிறது என்று அதற்குக் குழப்பம். ஆனால் எழுதாமலிருப்பதே நல்லது. பழைய அலுவலகத்தில் ஒரு திங்கட்கிழமை பாஸ்வேர்டை மாற்றினேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கணக்கு லாக் ஆகிறது. ஹெல்ப்டெஸ்க் திறந்துவிடும், திரும்ப லாக். மத்தியானம்தான் பிடிபட்டது: செட்டிங்ஸில் கிடந்த பழைய பாஸ்வேர்டோடு பின்னணியில் அப்டேட் தேடிக்கொண்டிருந்தது என் எடிட்டரேதான்.

வேலைக்காரன்: ஜென்கின்ஸ் (நிரலைத் தானாக பில்ட் செய்யும், ஜாவாவில் ஓடும் சர்வர்) பிளகின் அப்டேட். பெயர், பாஸ்வேர்டு எல்லாம் சரி, பிரவுசரில் அதே பாஸ்வேர்டு வேலை செய்கிறது. ஆனாலும் 407. ஜாவா 8.

இது நல்ல கேள்வி. ஜாவா 8-இன் 111-ஆவது அப்டேட்டிலிருந்து (அக்டோபர் 2016), ஹெச்டிடிபிஎஸ் சுரங்கத்துக்கு (பிராக்ஸி வழியாகப் போகும் மறையாக்கிய இணைப்புக்கு) பேசிக் முறையில் பெயர் சொல்வதை ஜாவா தானாகவே அணைத்துவிட்டது. புதிய ஜாவாவிலும் அப்படித்தான். நீங்கள் சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் ஜாவா அதை அனுப்பாது. ஜேடிகே.ஹெச்டிடிபி.ஆத்.டனலிங்.டிஸேபிள்டுஸ்கீம்ஸ் என்ற பண்பை வெறுமையாக வைத்து ஜென்கின்ஸைத் தொடங்கினால் போகும். காரணமில்லாமல் அணைக்கவில்லை: பேசிக் முறையில் பாஸ்வேர்டு பிராக்ஸி வரை கிட்டத்தட்ட வெளிப்படையாகப் போகிறது. சொந்தப் பாஸ்வேர்டு வேண்டாம், இதற்கென்று தனி சர்வீஸ் கணக்கு கேளுங்கள்.

அண்ணாநகர்: எனக்கும் 407.

மேலே பார்க்கவும்.

மொட்டைமாடி: விஎஸ் கோடில் "செல்ஃப் சைன்ட் சர்ட்டிஃபிகேட் இன் செயின்" என்று எரர். செட்டிங்ஸில் பிராக்ஸி ஸ்ட்ரிக்ட் எஸ்எஸ்எல் (சான்றிதழ் சோதனை) என்பதில் டிக்கை எடுத்தேன், ஒரு நொடியில் முடிந்தது. எதற்கு இத்தனை கதை?

டிக்கைத் திரும்பப் போடுங்கள். உங்கள் பிராக்ஸி மறையாக்கத்தை நடுவில் பிரித்துப் பார்த்து, கம்பெனியின் சொந்தச் சான்றிதழால் மறுபடி மூடி அனுப்புகிறது. அந்தச் சான்றிதழை மென்பொருளுக்கு அறிமுகப்படுத்துவதுதான் வழி, சோதனையை அணைப்பது அல்ல.

மொட்டைமாடி: கம்பெனியே எல்லாவற்றையும் பிரித்துப் படிக்கிறது. அப்புறம் சோதனை யாருக்காக?

நடுவில் உட்கார்ந்திருப்பது உங்கள் கம்பெனிதானா என்று தெரிய. அணைத்துவிட்டால் யார் உட்கார்ந்தாலும் சரி என்றாகிவிடும். லேப்டாப் சாயங்காலம் வீட்டுக்கும் டீக்கடை வைஃபைக்கும் போகிறது, அந்த செட்டிங்கும் கூடவே போகிறது.

பழைய ரவுட்டர்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மார்க்கெட்பிளேஸ் எக்ஸ்டென்ஷன்களில் டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறதே? கோப்பை மாற்றினால் விஎஸ் கோடே கண்டுபிடிக்கும். நீங்கள் கொஞ்சம் பயமுறுத்துகிறீர்கள்.

கோப்பைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தப் பழக்கம் ஒரு டிக்கோடு நிற்பதில்லை. அடுத்த வாரம் நோட்_டிஎல்எஸ்_ரிஜெக்ட்_அன்ஆதரைஸ்டு என்ற சூழல் மாறியில் (கணினியில் வைக்கும் அமைப்பு) 0 போடுவார்கள். அந்தக் கணினியில் நோடில் (ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் தளம்) ஓடுகிற நிரல்கள் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொள்ளும். டோக்கன் (பாஸ்வேர்டுக்குப் பதிலான ரகசியச் சாவி) அனுப்புகிற நிரலும் அதில் உண்டு, அதற்கு எந்தக் கையெழுத்தும் காவல் இல்லை. நான் பார்த்த ஒரு பில்ட் சர்வரில் அந்த வரிக்கு மேல் "தற்காலிகம்" என்று கமென்ட் இருந்தது. எழுதியவர் வேலையை விட்டுப்போய் வருடங்கள் ஆகியிருந்தன.

மொட்டைமாடி: சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஐடியில் டிக்கெட் போட்டால் மூன்று வாரம்.

டிக்கெட்டே வேண்டாம். சான்றிதழ் ஏற்கனவே உங்கள் கணினியில் இருக்கிறது, அதனால்தான் பிரவுசர் முணுமுணுப்பதில்லை. பிரவுசரில் மார்க்கெட்பிளேஸைத் திறந்து முகவரிக்கு முன்னால் உள்ள குறியை அழுத்திச் சான்றிதழைப் பாருங்கள். வழங்கியவர் என்ற இடத்தில் உங்கள் கம்பெனி பெயரோ பிராக்ஸி பெயரோ இருக்கும். சங்கிலியின் உச்சியில் உள்ளதை பேஸ்-64 வடிவில் சேமியுங்கள். நோட்_எக்ஸ்ட்ரா_சிஏ_செர்ட்ஸ் என்ற சூழல் மாறியில் அந்தக் கோப்பின் முழுப் பாதையைக் கொடுத்து, விஎஸ் கோடை முழுதாக மூடித் திறங்கள். விண்டோ ரீலோடு போதாது.

தாம்பரம் லோக்கல்: செல்போன் ஹாட்ஸ்பாட் போட்டு அப்டேட் செய்யலாமா?

அலுவலக லேப்டாப்பிலா? வேண்டாம்.

குட்டி சர்வர்: உள் சர்வரில் வேர்ட்பிரஸ் (இணையதளம் நடத்தும் மென்பொருள்), பிளகின் அப்டேட் வரவில்லை.

டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பில் டபிள்யூபி_பிராக்ஸி_ஹோஸ்ட், டபிள்யூபி_பிராக்ஸி_போர்ட் இரண்டையும் எழுதுங்கள். ஏபிஐ.வேர்ட்பிரஸ்.ஆர்க், டவுன்லோட்ஸ்.வேர்ட்பிரஸ்.ஆர்க் இரண்டும் திறந்திருக்க வேண்டும்.

மதியச் சாப்பாடு: யூடியூப் திறக்க வழி?

உங்கள் மேனேஜரைக் கேளுங்கள்.

பென்டிரைவ்: எக்ஸ்டென்ஷனை விசிக்ஸ் (விஎஸ்ஐஎக்ஸ்) கோப்பாக வெளியிலிருந்து எடுத்துவந்து போட்டுக்கொள்ளலாமா?

உங்கள் ஐடி அனுமதித்தால் போடலாம். அப்படிப் போட்டதற்குத் தானாக அப்டேட் ஆவது அணைந்திருக்கும், நீங்கள்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசி பெஞ்ச்: அண்ணே, எனக்கு 407. பாஸ்வேர்டில் @ இருக்கிறது, அதனாலா?

தம்பி, மேலே போய் இரவுப்பணிக்குச் சொன்னதைப் படி. படித்துவிட்டு அந்தப் பாஸ்வேர்டை மாற்று. கேள்வியோடு ஸ்கிரீன்ஷாட்டையும் போட்டிருக்கிறாய்.