கூரையில் ஆலங்கட்டி, வாசலில் கான்ட்ராக்டர்: கொலராடோ கோடைக் கேள்விகள்

மே மாதம் வந்துவிட்டால் டென்வர் பக்கம் இருக்கிற எல்லோருக்கும் மத்தியானம் இரண்டு மணிக்கு மேற்கே பார்க்கிற பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. மலைமேல் மேகம் காலிஃபிளவர் மாதிரி பொங்கினால் காரை உள்ளே விட ஓடுகிறோம். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆலங்கட்டியும் வெயிலும்தான். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டேன்.

கேள்வி: போன வாரம் கோல்ஃப் பந்து அளவுக்கு ஆலங்கட்டி விழுந்தது. மறுநாள் காலையிலேயே ஒருவர் கதவைத் தட்டி, இலவசமாகக் கூரையைப் பார்த்துத் தருகிறேன் என்றார். ஏறி இறங்கி, "கூரை போச்சு" என்று போட்டோ காட்டினார். டிடக்டிபிளை, அதாவது இன்ஷூரன்ஸ் பணம் போக என் கையிலிருந்து நான் கட்ட வேண்டிய பங்கை, தாங்களே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். கூரையில் ஏற அனுமதி என்று சொல்லி டேப்லெட்டில் கையெழுத்து வாங்கினார். மின்னஞ்சலில் வந்ததைப் பார்த்தால் அது முழு ஒப்பந்தம்! என்ன செய்வது அண்ணா? (அரோரா வாசகி)

முதல் வேலையாக, கையெழுத்துப் போட்ட நேரத்தைப் பாருங்கள். கொலராடோவில் வீட்டுக் கூரை வேலைக்கென்றே 2012-இல் ஒரு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்படி கையெழுத்திட்ட 72 மணி நேரத்துக்குள் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம், கொடுத்த முன்பணமும் முழுதாகத் திரும்ப வரவேண்டும். அந்த நேரம் தாண்டிவிட்டாலும் இன்னொரு வாசல் இருக்கிறது. இன்ஷூரன்ஸ் நிறுவனம் உங்கள் கோரிக்கையை முழுதாகவோ ஓரளவோ மறுத்து எழுத்தில் தெரிவித்தால், அந்தக் கடிதம் கைக்கு வந்ததிலிருந்து மறுபடி 72 மணி நேரம் உண்டு. ரத்து செய்வதை எழுத்தில் செய்யுங்கள், அனுப்பியதற்கு அத்தாட்சி வைத்துக்கொள்ளுங்கள். போனில் "சரி மேடம், கேன்சல் பண்ணிட்டோம்" என்று சொல்வதை நம்ப வேண்டாம்.

அடுத்தது அந்த டிடக்டிபிள் வாக்குறுதி. அதே சட்டம் அதைத் தடுக்கிறது. டிடக்டிபிளைக் கட்டுகிறேன், தள்ளுபடி செய்கிறேன், வேறு வழியில் திருப்பித் தருகிறேன் என்று கூரைக் கான்ட்ராக்டர் சொல்லவே கூடாது. நல்ல மனதோடு விட்டுக்கொடுப்பது போலத்தான் தெரியும். ஆனால் அந்தப் பணம் எங்கிருந்தோ வந்தாக வேண்டும். ஒன்று, இன்ஷூரன்ஸுக்குப் போகிற பில் ஊதும். இல்லையென்றால் உங்கள் கூரையில் போகிற பொருள் மெலியும். பில் ஊதினால் அந்தப் பொய்யில் உங்கள் கையெழுத்தும் இருக்கும். முதல் சந்திப்பிலேயே இதைச் சொல்கிறவரோடு இரண்டாவது சந்திப்பு தேவையில்லை.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. கூரை வேலை செய்ய கொலராடோவில் மாநில அளவில் லைசென்ஸ் கிடையாது. ஒவ்வொரு நகரமும் கவுன்டியும் தனித்தனியாகத்தான் கொடுக்கின்றன. "நாங்கள் ஸ்டேட் லைசென்ஸ் வைத்திருக்கிறோம்" என்று சொன்னால் அதிலேயே விஷயம் புரிந்துவிடும். உங்கள் நகர அலுவலகத்தில் கூப்பிட்டு, இந்தப் பெயரில் லைசென்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். வேலைக்கு பெர்மிட் எடுப்பது யார், கடைசியில் நகர ஆய்வாளர் வந்து பார்ப்பாரா என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கும் இதில் சூடு பட்ட கதை உண்டு. 2017 மே 8 அன்று லேக்வுட் பக்கம் அடித்த ஆலங்கட்டியை இங்கே பழைய ஆட்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இன்ஷூரன்ஸ் இழப்பு மட்டும் 230 கோடி டாலர். கொலராடோ மில்ஸ் மால் பல மாதம் மூடிக் கிடந்தது. அப்போது வெளிமாநில நம்பர் பிளேட்டோடு வந்த ஒருவரிடம் முன்பணம் கொடுத்தேன். ஜூலையில் அவர் நம்பர் வேலை செய்யவில்லை. பொருள் வந்து இறங்கும் வரை, அல்லது வேலையில் பெரும்பகுதி முடியும் வரை, முன்பணத்தை அவர் தனியே பாதுகாத்து வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

சரி, கூரை உண்மையிலேயே போய்விட்டதா? கீழே நின்றே கொஞ்சம் பார்க்கலாம். மழைநீர்க் குழாய் தரையில் திறக்கும் இடத்தில் கூரையிலிருந்து உதிர்ந்த துகள் கடுகு மாதிரி கறுப்பாகக் குவிந்திருக்கிறதா? கூரைமேல் நீட்டிக்கொண்டிருக்கும் தகரக் குழாய்களில் சொட்டை விழுந்திருக்கிறதா? சேதத்தை மதிப்பிட வரும் இன்ஷூரன்ஸ் அட்ஜஸ்டர் மேலே ஏறி சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே போவார். அடிபட்ட ஷிங்கிளை, அதாவது கூரைமேல் வரிசையாக வேய்ந்திருக்கும் தார்த் தகட்டை, விரலால் அழுத்தினால், கீழே விழுந்த கொய்யாப்பழம் மாதிரி அந்த இடம் மட்டும் உள்ளே போகும். தகரமெல்லாம் வழவழவென்று இருக்க, ஷிங்கிளில் மட்டும் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் வட்டங்கள் இருந்தால் அது வானத்திலிருந்து வந்ததா, சுத்தியலிலிருந்து வந்ததா என்று யோசிக்க வேண்டியதுதான்.

கேள்வி: கோரிக்கை ஏற்கப்பட்டது. கூரைக்கு 20,000 டாலர் என்று எஸ்டிமேட் போட்டவர்கள் 2,000 டாலருக்குத்தான் செக் அனுப்பியிருக்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா? (பார்க்கர் வாசகர்)

ஏமாற்றவில்லை. பாலிசியைப் பிரித்துப் பார்த்தால் காற்று, ஆலங்கட்டிக்கென்று தனி டிடக்டிபிள் இருக்கும். இந்தப் பக்கத்தில் அது பெரும்பாலும் குறிப்பிட்ட தொகையாக இருக்காது, சதவீதமாக இருக்கும். அந்தச் சதவீதத்தை எதன்மேல் கணக்கிடுகிறார்கள் என்பதில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறோம். கூரைச் செலவில் 2 சதவீதம் இல்லை, வீட்டின் முழுக் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம். வீடு 6 லட்சம் டாலருக்குக் காப்பீடு செய்யப்பட்டிருந்தால் 12,000 டாலர் உங்கள் கையிலிருந்து.

உங்கள் கணக்கு இப்படி வந்திருக்கும் என்று நினைக்கிறேன். 20,000-இல் கூரையின் வயதுக்குத் தேய்மானம் என்று 6,000 பிடித்திருப்பார்கள். மீதி 14,000. அதில் டிடக்டிபிள் 12,000 போனால் 2,000. பிடித்து வைத்த 6,000, வேலை முடிந்து பில்லைக் காட்டினால் வரும், உங்கள் பாலிசி புதுப்பொருள் விலை தரும் வகையாக இருந்தால். தேய்மானம் கழித்த மதிப்பு மட்டுமே தரும் வகை என்றால் அந்த 6,000 வரவே வராது. பழைய கூரைகளுக்கு நிறுவனங்கள் புதுப்பிக்கும்போது சத்தமில்லாமல் இந்த வகைக்கு மாற்றிவிடுவது உண்டு. பிரீமியம் குறைந்திருக்கிறதே என்று சந்தோஷப்படுவதற்கு முன் அந்தப் பக்கத்தைப் படியுங்கள்.

வீட்டுக் கடன் இருந்தால் செக்கில் வங்கியின் பெயரும் சேர்ந்தே வரலாம். அதற்கு அவர்கள் கையெழுத்து வாங்க இரண்டு மூன்று வாரம் அலைய வேண்டியிருக்கும். கான்ட்ராக்டரிடம் தேதி சொல்லும்போது இதையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: கூரை மாற்றும்போது "கிளாஸ் 4" ஷிங்கிள் போடச் சொல்கிறார்கள். கூடுதல் காசு கொடுக்கலாமா? (அதே வாசகர்)

கொடுக்கலாம் என்பேன், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வேண்டாம். யூ.எல். 2218 என்ற சோதனையில் 2 அங்குல இரும்புக் குண்டை 20 அடி உயரத்திலிருந்து ஒரே இடத்தில் இரண்டு முறை போடுவார்கள். ஷிங்கிள் விரிசல் விடாமல் தாங்கினால் கிளாஸ் 4. விழுவது இரும்புக் குண்டு, ஆலங்கட்டி இல்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். துகள் உதிர்வதை அந்தச் சோதனை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை.

காசு திரும்ப வருவது பிரீமியம் தள்ளுபடியில்தான். எத்தனை சதவீதம் என்று உங்கள் நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தள்ளுபடிக்குப் பதிலாக, ஓட்டை விழாத அழகுச் சேதத்துக்குப் பணம் கிடையாது என்ற நிபந்தனையில் கையெழுத்து கேட்கிறார்களா என்பதையும் பாருங்கள். உலோகக் கூரைக்காரர்கள் முக்கியமாக.

கேள்வி: வாங்கப்போகும் பழைய வீட்டில் ஏசி இல்லை, கூரைமேல் ஸ்வாம்ப் கூலர்தான் இருக்கிறது. சென்னையில் ஏர் கூலர் வாங்கிக் கஷ்டப்பட்ட அனுபவம் உண்டு. எடுத்துப்போட்டுவிட்டு ஏசி வைக்க வேண்டுமா? (லிட்டில்டன் வாசகி)

அவசரப்படாதீர்கள். சென்னையில் அது வேலை செய்யாததற்கும் இங்கே வேலை செய்வதற்கும் காரணம் ஒன்றேதான், ஈரப்பதம். கடற்கரைக் காற்று ஏற்கெனவே நனைந்த துணி. அதில் இன்னும் தண்ணீர் ஏறாது, குளிர்ச்சியும் வராது. இங்கே ஜூன் மாத மத்தியானம் 95 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஈரப்பதம் 15 சதவீதம் இருப்பது சர்வ சாதாரணம். அந்தக் காற்று ஈரமான பட்டை வழியாகப் போனால் கிட்டத்தட்ட 70 டிகிரிக்கு இறங்கி வீட்டுக்குள் வரும். நம் ஊர் ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிப்போமே, அதே வித்தைதான். மின்சாரம் ஏசிக்கு ஆவதில் கால் பங்குதான்.

ஒரே வித்தியாசம், ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். ஏசி பழக்கத்தில் எல்லாவற்றையும் மூடிவிட்டு "ஒரே புழுக்கமாக இருக்கிறது" என்று என்னிடம் புகார் சொன்ன நண்பர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

அதன் உண்மையான குறை வேறு. அது வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. மலையில் காடு எரியும் நாட்களில் புகையையும் சேர்த்து இழுக்கும். 2020-இல் கேமரன் பீக் தீ எரிந்தபோது கூலர் வைத்திருந்தவர்களுக்குப் புழுக்கம் வேண்டுமா, புகை வேண்டுமா என்ற நிலைமைதான். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் நான் ஏசியையே சொல்வேன். இல்லையென்றால் கூலரை வைத்துக்கொண்டு, படுக்கையறை ஒன்றுக்கு மட்டும் ஜன்னல் ஏசி வாங்குங்கள். டென்வர் 105 டிகிரியைத் தொட்டது 2018 ஜூன் 28 அன்று. அப்படிப்பட்ட நாட்கள் கையில் எண்ணக்கூடியவை. வெயில் எவ்வளவு அடித்தாலும் இந்த உயரத்தில் ராத்திரி பெரும்பாலும் குளிர்ந்துவிடும். அதற்கு வீட்டுக் காற்றை மேலே இழுத்து வெளியே தள்ளும் ஒரு மாடி விசிறியே போதும்.

வீட்டை வாங்குவதற்கு முன், கூலரின் அடித்தட்டில் துரு ஓட்டை இருக்கிறதா, குளிர்காலத்தில் தண்ணீர்க் குழாயை வடித்தார்களா என்று கேளுங்கள். வடிக்காமல் உறைந்து வெடித்த குழாய் ஜூனில்தான் கூரை வழியாக ஒழுகும்.

கன்சாஸ் பக்கம் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: இதைப் படித்துவிட்டு விச்சிட்டாவில் கூலர் வாங்கிவிடாதீர்கள். மெக்சிகோ வளைகுடா ஈரம் அங்கே நேராக வந்து இறங்குகிறது. உங்களுக்கு அது சென்னைக் கதைதான்.

கேள்வி: போனிலேயே எச்சரிக்கை வருகிறதே, வானிலை ரேடியோ தனியாக எதற்கு? (ஹைலண்ட்ஸ் ராஞ்ச் வாசகர்)

ராத்திரி போனை சைலன்டில் போட்டுத் தூங்குகிறவர்களுக்கும், புயலில் டவர் போய்விட்டால் எல்லோருக்கும். உங்கள் ஊரிலேயே 2023 ஜூன் 22 அன்று டொர்னேடோ இறங்கியது. சமவெளிக்குத்தான் வரும், மலையோரத்துக்கு வராது என்று நம்பியிருந்தவர்களுக்கு அன்றைக்குத் தெரிந்தது. வெளியே ஊதும் சைரன், வெளியே நிற்பவர்களுக்காக வைத்தது. பேஸ்மென்டில் கேட்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

வாங்கும்போது பெட்டியில் "சேம்" வசதி இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் உங்கள் கவுன்டியின் ஆறு இலக்க எண்ணைப் பதிந்துவிடலாம். டக்ளஸ் கவுன்டிக்கு 008035. இதைப் பதியாவிட்டால் 80 மைல் தள்ளி இருக்கும் கவுன்டிக்கெல்லாம் ராத்திரி இரண்டு மணிக்கு அலறும். மூன்றாவது நாள் நீங்களே பிளக்கைப் பிடுங்கிவிடுவீர்கள். பேட்டரியும் போட்டு வையுங்கள்.

கேள்வி: ஓக்லஹோமா சிட்டிக்கு மாறியிருக்கிறோம். வீட்டில் பேஸ்மென்ட் இல்லை. கராஜில் இரும்புப் பாதுகாப்பு அறை வைக்க ஒருவர் விலை சொன்னார். "ஃபீமா அங்கீகாரம் பெற்றது" என்கிறார். நம்பலாமா?

அறையை வாங்கலாம், அந்த வாக்கியத்தை வாங்க வேண்டாம். ஃபீமா என்பது அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை நிறுவனம்; அது எந்தப் பொருளுக்கும் அங்கீகாரம் தருவதில்லை. எப்படிக் கட்ட வேண்டும் என்ற வழிகாட்டியை மட்டும் வெளியிடுகிறது. நீங்கள் கேட்க வேண்டியது, ஐசிசி 500 தரத்தின்படி சோதித்த அறிக்கை. 15 பவுண்டு மரச்சட்டத்தை மணிக்கு 100 மைல் வேகத்தில் சுவரில் எய்து பார்க்கும் சோதனை அது. கதவும் அதே சோதனையில் தேறியதா என்று தனியாகக் கேளுங்கள். சுவர் நன்றாக இருந்து கதவுத் தாழ்ப்பாள் விட்டுவிட்டால் என்ன பயன்? கராஜ் தரையின் கான்கிரீட் எத்தனை அங்குலம் என்று அளந்து பார்க்காமல் போல்ட் அடிக்க வருகிறவரையும் திருப்பி அனுப்புங்கள். 2013 மே 20 அன்று உங்களுக்குப் பக்கத்தில் மூர் நகரில் அடித்த டொர்னேடோ எவ்வளவு பெரியது என்று அக்கம்பக்கத்தில் கேட்டாலே சொல்வார்கள்.

கேள்வி: மாணவன் நான். ஆலங்கட்டி விழுந்த கார்களை டீலர் மலிவாகத் தருகிறார். வாங்கலாமா? (ஃபோர்ட் காலின்ஸ்)

ஓட்டத்தான் கார், காட்ட இல்லை என்றால் தாராளமாக வாங்குங்கள் தம்பி. சொட்டை எஞ்சினுக்குத் தெரியாது. முன்கண்ணாடி, கூரைக் கண்ணாடி, அதைச் சுற்றிய ரப்பர் மூன்றையும் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். இன்ஷூரன்ஸில் ஆலங்கட்டிக்குப் பணம் தருவது காம்ப்ரிஹென்சிவ், அதாவது மோதல் அல்லாத சேதத்துக்கான பிரிவு, மட்டும்தான். ஆனால் இப்போதே இருக்கும் சொட்டைகளைக் கழித்துவிட்டுத்தான் அடுத்த முறை தருவார்கள். டீலர் சொல்லும் தள்ளுபடி அதற்கும் சேர்த்து இருக்கிறதா என்று பேரம் பேசுங்கள்.

என் காரின் முன்மூடியில் நாற்பத்திரண்டு சொட்டை. செக்கை வாங்கி வங்கியில் போட்டுவிட்டேன், காரைச் சரிசெய்யவில்லை. காஸ்ட்கோ பார்க்கிங்கில் ஒரே நிறத்தில் பத்து கார் நின்றாலும் என் வண்டி எது என்று மகள் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவாள்.