1966-இல் போட்ட கையெழுத்து, 1972-க்குப் பின் அச்சான அட்டை

கேள்வி: வணக்கம் வக்கீல் ஐயா. நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். அடுத்த மாதம் அப்பாவுக்கு 85 வயது நிறைகிறது. எம்.எஸ். சுப்புலட்சுமி பாட்டென்றால் அவருக்கு உயிர். இணைய ஏலம் ஒன்றில் அந்த அம்மாள் ‘1966-இல் கையெழுத்திட்ட’ எல்.பி. இசைத்தட்டு வந்தது. நான் 14,500 ராண்ட் வரை கேட்டேன், வேறொருவர் கூடுதலாகக் கேட்டு எடுத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து விற்பவர் தளத்தின் செய்திப் பெட்டியில் என் எண்ணை வாங்கி வாட்ஸ்அப்பில் வந்தார். ஏலம் எடுத்தவர் பணம் கட்டவில்லை, நீங்கள் கேட்ட விலைக்கே தருகிறேன், தளத்துக்குக் கமிஷன் போகாமல் நேராக என் வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள் என்றார். போட்டுவிட்டேன். ஒன்பது நாளுக்கு முன் தட்டு வந்தது, கூடவே ஒரு உண்மைச் சான்றிதழும். அட்டையின் பின்னால் அச்சடித்த கல்கத்தா முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் எண் இருப்பதை என் மகன் பார்த்துவிட்டு, இது 1966 ஆக இருக்க முடியாது என்கிறான். ஜொஹன்னஸ்பர்க்கில் இருக்கும் அந்த விற்பவரைக் கேட்டால், “ஏலப் பொருள், இருக்கிறபடியே விற்றது, திரும்ப வாங்க மாட்டேன்” என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா? அப்பாவுக்காவது தட்டைப் போட்டுக் காட்டலாமா?

பதில்: அம்மா, உங்கள் கடிதம் வந்த அன்றே உங்களைத் தொலைபேசியில் அழைத்ததற்குக் காரணம் அந்த ‘ஒன்பது நாள்’. சட்டம் உங்களுக்குத் திறந்து வைத்திருக்கும் ஒரு கதவு பதினான்காம் நாளில் மூடிவிடும். அன்று அவசரமாகச் சொன்னதை, இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் உங்கள் மகனின் கண்ணுக்கு ஒரு சபாஷ். இந்தியாவில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு நடைமுறைக்கு வந்தது 1972 ஆகஸ்ட் 15-ஆம் தேதி. அந்த எண்ணோடு அச்சான அட்டையில் 1966-இல் யாரும் கையெழுத்துப் போட்டிருக்க முடியாது. கையெழுத்து அந்த அம்மாளுடையதுதான், பிற்பாடு போட்டார், தேதியை மட்டும் வேறு யாரோ எழுதினார்கள் என்று விற்பவர் வாதாடிப் பார்க்கலாம். அப்படியே வைத்துக்கொண்டாலும் அவர் விளம்பரத்தில் சொன்னது பொய்தான். 1966 என்பது சும்மா ஒரு வருடம் இல்லை. ஐக்கிய நாடுகள் சபையில் எம்.எஸ். கச்சேரி செய்த வருடம். அந்த வருடத்துக்காகத்தான் நீங்கள் 14,500 கொடுத்தீர்கள். கையெழுத்து நிபுணரைத் தேடிச் செலவு செய்ய வேண்டிய அவசியமே உங்களுக்கு இல்லை. அட்டையே சாட்சி சொல்லும்.

இப்போது சட்டம். ‘ஏலப் பொருள்’ என்று அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது, அதனால்தான் சொல்கிறார். 2002-ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்பு மற்றும் பரிவர்த்தனைச் சட்டம், இணையத்தில் வாங்கிய பொருளைக் காரணமே சொல்லாமல் ஏழு நாளுக்குள் திருப்பும் உரிமையை 44-ஆம் பிரிவில் தருகிறது. ஆனால் ஏலத்தில் வாங்கியதற்கு அந்த உரிமை கிடையாது என்று 42-ஆம் பிரிவு சொல்லிவிடுகிறது. 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் அதே கதைதான். நல்ல தரமான பொருள் பெறும் உரிமையைச் சொல்லும் 55-ஆம் பிரிவு ஏலத்தில் வாங்கிய பொருளுக்குப் பொருந்தாது. ஏலம் என்ற சொல்லைக் கேட்டதும் பலர் வாயடைத்துப் போவது இதனால்தான்.

ஆனால் நீங்கள் ஏலத்தில் வாங்கவில்லை, அம்மா. ஏலத்தில் நீங்கள் தோற்றீர்கள். அது முடிந்து இரண்டு நாள் கழித்து, தளத்துக்கு வெளியே, வாட்ஸ்அப்பில் ஒரு விலை பேசி வாங்கினீர்கள். அது ஏலமல்ல, சாதாரண மின்னணு விற்பனை என்பது என் வாதம். தளத்தை விட்டு வெளியே போனதால் தளம் கொடுக்கும் பாதுகாப்பு போய்விட்டது, அது நஷ்டம்தான். ஆனால் அதே காரணத்தால் ‘ஏலம்’ என்ற கேடயம் அவர் கையை விட்டும் போய்விட்டது. ஏழு நாள் கடந்துவிட்டது, உண்மை. இருந்தாலும் அதே சட்டத்தின் 43-ஆம் பிரிவு, விற்பவர் தன் முழுப் பெயர், இருப்பிட முகவரி, தொலைபேசி எண், பொருளைத் திருப்பும் விதிமுறை முதலியவற்றைத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது. தெரிவிக்காவிட்டால் பொருள் கைக்கு வந்த பதினான்கு நாளுக்குள் வாங்கியவர் ரத்து செய்யலாம். உங்களுக்குக் கிடைத்தது ஒரு புனைபெயரும் ஒரு வாட்ஸ்அப் எண்ணும் மட்டும். “43-ஆம் பிரிவின் கீழ் இந்த விற்பனையை ரத்து செய்கிறேன், தட்டைத் திருப்பித் தரத் தயாராக இருக்கிறேன், பணத்தைத் திருப்புங்கள்” என்று அன்றே எழுதி அனுப்பச் சொன்னேன். அனுப்பிவிட்டதாக உங்கள் மகன் சொன்னார். நல்லது.

இந்த வாதத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. அவர் இதைத் தொழிலாகச் செய்கிறவராக இல்லாமல், வீட்டில் கிடந்ததை விற்ற தனியாள் என்றால், இந்தச் சட்டங்கள் தனக்குப் பொருந்தாது என்பார். ஆகவே அந்தத் தளத்தில் அவர் பெயரில் இதுவரை என்னென்ன விற்பனைக்கு வந்தன என்பதைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வையுங்கள். கையெழுத்திட்ட தட்டு பத்து விற்றிருந்தால் அவர் வியாபாரிதான். அப்போது நுகர்வோர் சட்டத்தின் 41-ஆம் பிரிவும், அதாவது பொய்யான, மயக்கும் விளம்பரத்தைத் தடுக்கும் பிரிவும், அவர்மேல் பாயும்.

தனியாள்தான் என்று வைத்துக்கொண்டாலும் நாட்டின் பழைய பொதுச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. வெறும் புகழ்ச்சியைத் தாண்டி, பொருளின் தன்மையைப் பற்றி விற்பவர் அழுத்தமாகச் சொன்ன ஒரு கூற்று தவறாகிப்போனால், வாங்கியவர் விற்பனையை முறித்துப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இல்லை, விலையில் ஒரு பகுதியைக் கேட்கலாம். இதை மேல்முறையீட்டு நீதிமன்றம் 1973-இல் ஒரு வழக்கில் தெளிவாக்கியது. பொய் என்று தெரிந்தே சொன்னார் என நீங்கள் நிரூபிக்க வேண்டியதுகூட இல்லை. ‘அருமையான தட்டு’ என்பது புகழ்ச்சி. ‘1966-இல் கையெழுத்திட்டது’ என்பது வாக்கு. ‘ஃபுட்ஸ்டூட்ஸ்’, அதாவது இருக்கிறபடியே விற்றேன் என்ற சொல், குறையைத் தெரிந்தே மறைத்தவரைக் காப்பாற்றாது. இந்த நாட்டில் பழைய கார் விற்கிறவர்கள் முதல் எல்லோரும் அந்த ஒரு சொல்லை மந்திரம்போல் சொல்கிறார்கள், வாங்கியவர்களும் நம்பி ஒதுங்கிவிடுகிறார்கள். எத்தனையோ பேர் நியாயமான பணத்தை இப்படி விட்டுக்கொடுப்பதைப் பார்த்து நான் மனம் நொந்திருக்கிறேன்.

அவர் சொன்னது அப்படியே உங்கள் கையில் இருப்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், முழுவதையும் ஏற்றுமதி செய்து மகனின் மின்னஞ்சலுக்கும் ஒரு படி அனுப்புங்கள். ஏலப் பக்கத்தை அவர் நீக்குவதற்குள் படம் பிடியுங்கள். மின்னணுச் செய்தி என்ற ஒரே காரணத்துக்காக நீதிமன்றம் அதை ஒதுக்க முடியாது, 2002-ஆம் ஆண்டுச் சட்டமே அப்படிச் சொல்கிறது.

வங்கி விஷயத்தில் அதிகம் நம்பிக்கை தர என்னால் முடியவில்லை. வங்கி அட்டையில் கட்டியிருந்தால் பணத்தைத் திருப்பக் கோரும் முறை இருக்கிறது. கணக்கிலிருந்து கணக்குக்குப் போன பணத்தை, பணம் பெற்றவர் சம்மதம் இல்லாமல் வங்கி எடுத்துத் தராது. இருந்தும் மோசடிப் பிரிவுக்குச் சொல்லிப் புகார் எண் வாங்கி வையுங்கள். அந்தக் கணக்கில் பணம் மிச்சமிருந்தால் முடக்கி வைக்க வாய்ப்புண்டு. கணக்கு யார் பெயரில் என்று வங்கி உங்களுக்குச் சொல்லாது. போலீஸுக்குச் சொல்லும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 205-ஆம் பிரிவில் அதற்கு வழி இருக்கிறது. அதனால்தான் வழக்குப் பதிவு அவசியம். சாட்ஸ்வொர்த் காவல் நிலையத்திலேயே பிரமாண வாக்குமூலம் கொடுத்து, வழக்கு எண் இல்லாமல் வெளியே வராதீர்கள். மோசடி என்ற பழைய குற்றத்தோடு 2020-ஆம் ஆண்டு இணையக் குற்றச் சட்டத்தின் 8-ஆம் பிரிவையும் குறிப்பிடச் சொல்லுங்கள். குற்றம் நிரூபணமானால், நீங்கள் கேட்டுக்கொண்டால் நட்டஈடு வழங்கவும் அந்தக் குற்றத்தை விசாரிக்கும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

பெயரும் முகவரியும் கிடைத்ததும் சிறு உரிமைக் கோரிக்கை நீதிமன்றம். அங்கே 20,000 ராண்ட் வரை கேட்கலாம், உங்கள் தொகை அதற்குள் அடங்கும். வக்கீல் வைக்க அனுமதி இல்லை, ஆகவே எனக்குக் கட்டணம் தர வேண்டியதும் இல்லை. முதலில் பதினான்கு நாள் கெடு வைத்துப் பதிவுத் தபாலில் ஒரு கோரிக்கைக் கடிதம் போக வேண்டும். சிக்கல் ஒன்றுதான்: வழக்கு பெரும்பாலும் அவர் வசிக்கும் ஊரில், ஜொஹன்னஸ்பர்க்கில் போட வேண்டியிருக்கும். அங்கே உறவினர் யாராவது இருந்தால் தங்குவதற்கு இப்போதே சொல்லி வையுங்கள். அவசரமாக ஓட வேண்டாம், இப்படிப்பட்ட கோரிக்கைக்கு மூன்று வருடம் அவகாசம் உண்டு. ஆனால் கோரிக்கைக் கடிதத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு. ‘முதலில் எடுத்தவர் பணம் கட்டவில்லை’ என்ற செய்தி தளத்துக்கு வெளியே வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது மெய்யாகவே இருந்தாலும் தளத்தின் வழியாகவே பணம் கட்டலாம், கமிஷன் அவர் பிரச்சினை. உங்களோடு போட்டி போட்டவர் விற்பவரின் கூட்டாளியாக இருந்து விலையை ஏற்றியிருக்கவும் கூடும். முன்கூட்டி அறிவிக்காமல் உரிமையாளர் தானோ ஆள் வைத்தோ கேட்பதை நுகர்வோர் சட்டத்தின் 45-ஆம் பிரிவு தடை செய்கிறது.

சான்றிதழைப் பார்த்து மயங்காதீர்கள். விற்பவரே அச்சடித்த தாளுக்கு அவருடைய சொல்லுக்குள்ள மதிப்புதான். பீட்டில்ஸ் புகழின் உச்சியில் இருந்தபோது அவர்களுடைய உதவியாளர்களே நால்வர் பெயரிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததுண்டு. அந்தக் காலத்து ரசிகர் நேரில் பெற்றுவந்த தாளே அப்படி இருக்கும்போது, இப்போதைய சான்றிதழ் எதை நிரூபிக்கும்? பொருள் யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற வரலாற்றைக் கேளுங்கள். விற்பவரிடம், அவர் பெயரையும் அன்றைய தேதியையும் ஒரு தாளில் எழுதிப் பொருளின் பக்கத்தில் வைத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். இணையத்தில் திருடிய படம் வைத்திருப்பவரால் அது முடியாது.

பிறகு உங்கள் மகன் செய்ததைச் செய்யுங்கள், ஆனால் பணம் கட்டுவதற்கு முன்பே: பொருளில் அச்சாகியிருக்கும் ஒவ்வொரு எழுத்தையும் படியுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் டர்பனில் 1958-இல் நடந்த கச்சேரியின் நுழைவுச் சீட்டு என்று ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். கட்டணம் ராண்டில் போட்டிருந்தது. ராண்ட் பிறந்ததே 1961 பிப்ரவரி 14-ஆம் தேதி, அதுவரை நாம் பவுண்டும் ஷில்லிங்கும்தான் எண்ணிக்கொண்டிருந்தோம். மதராஸ் 1996-இல்தான் அதிகாரபூர்வமாகச் சென்னை ஆனது என்பதையும் நினைவில் வையுங்கள். ஆங்கிலத்தில் அச்சான பழைய நோட்டீஸ்களில் இந்த ஊர்ப்பெயர் கள்ளத்தைக் காட்டிக்கொடுக்கும்.

கடைசியாக, அப்பாவுக்குத் தட்டைப் போட்டுக் காட்டலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம் அம்மா, இப்போதைக்கு வேண்டாம். ரத்து செய்கிறேன் என்று எழுதிவிட்டு அதையே சொந்தப் பொருளாகப் பயன்படுத்தினால், விற்பனையை ஏற்றுக்கொண்டதாக எதிர்த்தரப்பு வாதாடும். அட்டையும் தட்டும் சான்றிதழும் வந்த பெட்டியோடு அப்படியே அலமாரியில் இருக்கட்டும். பணம் கைக்கு வரும் முன் தபாலிலும் அனுப்பிவிடாதீர்கள். பிறந்தநாளுக்கு எம்.எஸ். பாட்டு வேண்டும், அவ்வளவுதானே? என் அப்பா வைத்துவிட்டுப் போன தட்டுகளில் அந்த அம்மாளுடையவை மூன்று இருக்கின்றன. கையெழுத்து எதுவும் இல்லை, ஆனால் கீறல் இல்லாமல் பாடும். சனிக்கிழமை மகனை அலுவலகத்துக்கு அனுப்புங்கள், கொடுத்தனுப்புகிறேன்.