மூலையில் கிடந்த தூண்டில்: வாசகர் கேள்விகள்

கே: குளிர்காலம் முழுக்க ரீலில் கிடந்த மோனோ (ஒற்றை இழை நைலான்) நரம்பு பார்வைக்கு நன்றாகவே இருக்கிறது. மாற்றத்தான் வேண்டுமா?

ப: பார்வையை நம்ப வேண்டாம். முதல் பத்து மீட்டரை இரண்டு விரல்களுக்கு நடுவே ஓடவிட்டுப் பாருங்கள். எங்காவது சொரசொரவென்று தட்டினால் அந்த இடத்தில் பலம் போய்விட்டது. தளர்த்திவிட்டால் ஸ்பிரிங் மாதிரி சுருண்டு நிற்கிறதா? அப்படியானால் எறியும் தூரம் குறையும், சிக்கலும் கூடும். நைலான் தண்ணீரை உறிஞ்சும், வெயிலில் மெல்ல மெல்லப் பலமிழக்கும். அதனால் மோனோவை வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுவதே நல்லது. ஆனால் மொத்தத்தையும் உருவி எறிவது வீண். மேலே உள்ள 100 மீட்டரை மட்டும் வெட்டிவிட்டு, அடியில் மிச்சமிருப்பதோடு புது நரம்பை டபுள் யூனி முடிச்சால் இணைக்கலாம். எறியும்போது அந்த முடிச்சு வரை நரம்பு ஓடக் கூடாது, அவ்வளவுதான். முடிச்சை இறுக்கும் முன் எச்சிலாலோ தண்ணீராலோ நனையுங்கள். உலர்ந்த நைலான் உராய்ந்து சூடானால் முடிச்சிலேயே அறும்.

கே: என்னுடையது பிரெய்டு (பல இழைகளைப் பின்னிய நரம்பு). நிறம் வெளுத்துவிட்டது. ஆயுள் முடிந்ததா?

ப: போனது மேற்பூச்சின் நிறம்தான். இழை பிரிந்து பஞ்சு போல் நின்றால் மட்டும் அந்தப் பகுதியை வெட்டுங்கள். வெளிப்பக்கம் முழுவதும் தேய்ந்திருந்தால் உள்முனையை வெளியே கொண்டுவந்து இன்னும் சில காலம் ஓட்டலாம். இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஒரு காலி உருளைக்கு மாற்றி, அதிலிருந்து அதே ரீலுக்குத் திரும்பச் சுற்றினால் பழைய முனையேதான் வெளியே வரும். இரண்டு காலி உருளைகள் வேண்டும்: ரீலிலிருந்து முதலாவதுக்கு, அதிலிருந்து இரண்டாவதுக்கு, பிறகு ரீலுக்கு.

கே: புது நரம்பு சுற்றிய முதல் நாளே முறுக்கிக்கொள்கிறதே?

ப: சுற்றிய விதத்தில்தான் கோளாறு. ஸ்பின்னிங் ரீலுக்குச் சுற்றும்போது புது உருளையைத் தரையில் படுக்க வையுங்கள். ஈரத்துணியால் நரம்பை லேசாகப் பிடித்தபடி பத்துப் பதினைந்து சுற்று சுற்றிவிட்டு, நிறுத்தித் தளர்த்திப் பாருங்கள். முறுக்கு விழுந்தால் உருளையை மறுபக்கம் புரட்டிப் போட்டுத் தொடருங்கள். ரீலின் ஸ்பூல் (நரம்பு சுற்றும் பகுதி) விளிம்புக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் கீழே நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் நிறைத்தால் எறியும்போது கொத்துக் கொத்தாக உருவிக்கொண்டு வரும்.

பிரெய்டை வெறும் உலோக ஸ்பூலில் நேரடியாகக் கட்டினால் மொத்த நரம்பும் ஸ்பூல் மேலேயே வழுக்கிச் சுழலும். டிராக்கை (மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக விடும் பிரேக்கை) எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்கவில்லை என்று புலம்புபவர்களில் பலருக்குக் காரணம் இதுதான். அடியில் சில சுற்று மோனோ சுற்றினாலோ, ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டினாலோ போதும்.

கே: கைப்பிடியைச் சுற்றினால் ரீல் கரகரக்கிறது. எண்ணெய் விட்டால் சரியாகுமா?

ப: எங்கே விடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பற்சக்கரங்களுக்குக் கிரீஸ். பேரிங், லைன் ரோலர் (நரம்பு ஏறி வரும் சிறு சக்கரம்), கைப்பிடிக் குமிழ் இவற்றுக்குத் தலா ஒரு சொட்டு எண்ணெய். துரு நீக்கும் ஸ்பிரேயை உள்ளே அடிக்கவே அடிக்காதீர்கள், இருக்கிற கிரீஸையும் அது கரைத்துவிடும்.

கழற்றும்போது ஒவ்வொரு படியையும் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு, திருகுகளைக் கழற்றிய வரிசையிலேயே அடுக்கி வையுங்கள். கறுத்துப்போன பழைய கிரீஸை முழுவதும் துடைத்தெடுங்கள். கரகரப்புக்குப் பெரும்பாலும் அதில் சிக்கிய மணல்தான் காரணம். புதுக் கிரீஸைப் பற்கள் மேல் மெல்லிய படலமாகப் பூசுங்கள். அள்ளி அடைத்தால் குளிர்ந்த காலையில் கைப்பிடி கனக்கும். கைப்பிடி பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் ஒருவழி பேரிங்கில் கிரீஸ் படக் கூடாது. பட்டால் அது வழுக்கும், மீன் இழுக்கும்போது கைப்பிடி பின்னால் ஓடும்.

லைன் ரோலர் விரலால் தட்டினால் சுழல வேண்டும். அது இறுகிப்போனால் நரம்பு தேயும், முறுக்கும் ஏறும்.

டிராக்கை இறுக்கியபடியே குளிர்காலம் முழுக்க வைத்திருந்தீர்களா? உள்ளே உள்ள ஃபெல்ட் வாஷர்கள் நசுங்கித் தட்டையாகியிருக்கும். பிறகு நரம்பை ஒரே சீராக விடாமல் வெட்டி வெட்டி விடும். மாற்றிவிடுங்கள். டிராக்குக்கு அளவு வைக்க ஸ்பிரிங் தராசு போதும்: நரம்பு தாங்கும் எடையில் கால் பங்கு. 4 கிலோ நரம்புக்கு 1 கிலோ. பிரெய்டு 10 கிலோ, லீடர் (அதன் முனையில் முள்ளுக்கு முன் கட்டும் துண்டு நரம்பு) 4 கிலோ என்றால் கணக்கு 4 கிலோவுக்குத்தான்.

கே: ராடில் நரம்பு ஓடும் வளையங்களில் விரிசலை எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் பஞ்சைச் செலுத்திச் சுழற்றுங்கள். இழை மாட்டினால் உள்ளே பீங்கான் விரிசல் விட்டிருக்கிறது, பிரெய்டைக்கூட அது அறுத்துவிடும். நுனி வளையத்தை மாற்றும்போது சூட்டில் உருகும் பசையால் ஒட்டுங்கள். எபாக்சி போட்டால் அடுத்த முறை கழற்றுவது பெரும்பாடு.

கே: முட்கள், லூர்கள் (செயற்கை இரைகள்)?

ப: முள்முனையைக் கட்டைவிரல் நகத்தில் மெல்ல இழுங்கள். வழுக்கினால் மழுங்கிவிட்டது. ஈரத்தோடு மூடிய பெட்டியில் துருப்பிடித்த ஒரு முள் மற்றவற்றுக்கும் கறை ஏற்றும், அதைத் தூக்கிப் போடுங்கள். மிருதுவான பிளாஸ்டிக் லூர்களை அதனதன் உறையிலேயே வைக்கவும். கடினமான லூரோடு கலந்து வைத்தால் ஒட்டிக்கொண்டு உருகும். ஈயக்குண்டைப் பல்லால் கடித்து இறுக்கும் பழக்கத்தை இந்தப் பருவத்தோடு விட்டுவிடுங்கள், ஈயம் நஞ்சு.

கே: குளிர் முடிந்ததும் முதல் மீனை எங்கே தேடுவது?

ப: விடியற்காலையில் தூங்கலாம்! மீனின் உடல் வெப்பம் தண்ணீரோடு ஏறி இறங்குவது. தண்ணீர் குளிர்ந்திருக்கும்வரை மீன் மந்தமாகவே இருக்கும், துரத்திப் பிடிக்காது. பகல் முழுக்க வெயில் ஏறிய பிற்பகலே தோதான நேரம். ஆழம் குறைந்த, கருஞ்சேறு படிந்த, காற்று மறைவான ஓரம்தான் முதலில் சூடாகும். இரையைச் சிறிதாக்குங்கள், வழக்கத்தில் பாதி வேகத்தில் இழுங்கள், இடையிடையே நிறுத்துங்கள். கடி பலமாக வெட்டி இழுக்காது, நரம்பு லேசாகக் கனக்கும் அல்லது தொய்யும். கிளம்பும் முன் உரிமம் காலாவதியாகிவிட்டதா, உங்கள் நீர்நிலையில் முட்டையிடும் காலத் தடை இருக்கிறதா என்று பாருங்கள். முட்டை நிறைந்த மீன் மாட்டினால் கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள், உலர்ந்த கை அதன் மேல் வழவழப்பை உரித்துவிடும். முள்ளைக் கழற்றி உடனே தண்ணீரில் விட்டுவிடுங்கள்.