டல்லாஸில் இந்தக் குளிர்காலம் இதமாக இருக்கும் என்கிறார்களே, கனத்த உடை வேண்டுமா?

கேள்வி இது: "டிசம்பர் முதல் வாரம் குடும்பத்தோடு டல்லாஸுக்குக் குடிபெயர்கிறோம். இந்தக் குளிர்காலம் வழக்கத்தைவிட வெப்பமாக இருக்கும் என்று பருவ முன்னறிவிப்பு சொல்கிறது. ஆனால் நாங்கள் இறங்கும் வாரமே ஒரு கோல்ட் ஃப்ரண்ட் கடந்து போகுமாம். எதை நம்புவது?"

இரண்டையும் நம்பலாம். பெட்டி கட்டும்போது மட்டும் இரண்டாவதன் பேச்சைக் கேளுங்கள்.

பருவ முன்னறிவிப்பு டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மூன்று மாதங்களின் சராசரி எந்தப் பக்கம் சாயும் என்று சொல்வது. பசிபிக் கடலின் நிலநடுக்கோட்டுப் பகுதி குளிர்ந்து லா நினா வந்தால், டெக்சஸ் போன்ற தென் மாநிலங்களில் குளிர்காலம் பெரும்பாலும் வெப்பமாகவும் வறண்டும் இருக்கும். அதே பகுதி சூடாகி எல் நினோ வந்தால் சற்றுக் குளிரும், மழையும். வரைபடத்தில் நம் ஊர்மேல் ஆரஞ்சு வண்ணம் பூசியிருந்தால், வெப்பமாக இருக்கும் வாய்ப்பு கூடுதல் என்று பொருள், அவ்வளவுதான்.

2020 அக்டோபரிலும் அதே ஆரஞ்சு வண்ணத்தைப் பார்த்துவிட்டு நான் நிம்மதியாக இருந்தேன். லா நினா ஆண்டு வேறு. 2021 பிப்ரவரி 16 அதிகாலை டல்லாஸ் ஃபோர்ட் வொர்த் விமான நிலையத்தில் மைனஸ் 2 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது ஏறக்குறைய மைனஸ் 19 செல்சியஸ். 72 ஆண்டுகளில் காணாத குளிர். மூன்று மாதச் சராசரிக்குள் ஒரு வாரம் எவ்வளவு எளிதாக ஒளிந்துகொள்கிறது பாருங்கள்.

கோல்ட் ஃப்ரண்ட், தமிழில் குளிர்முகப்பு என்று வைத்துக்கொள்வோம், எப்படி வரும் என்று சொல்கிறேன். கனடாவின் பனிச் சமவெளிகளில் தேங்கும் காற்று கனமானது. அது தரையை ஒட்டித் தெற்கே வழிந்து, இங்கிருக்கும் வெதுவெதுப்பான காற்றுக்கு அடியில் புகுந்து அதை மேலே தூக்கிவிடும். இந்தியாவுக்கு இமயமலை காவல் நிற்கிறது. இங்கே குறுக்கே ஒரு மலை கிடையாது. மேற்கில் வடக்கு தெற்காக நிற்கும் ராக்கி மலைத்தொடரோ, வாய்க்கால் கரைபோல் அந்தக் காற்றை இந்தப் பக்கமே திருப்பிவிடுகிறது. வட துருவத்துக்கும் டெக்சஸுக்கும் நடுவே இருப்பது ஒரு முள்கம்பி வேலிதான் என்று உள்ளூர்க்காரர்கள் சிரிப்பார்கள்.

ஏமாற்றுவது அதற்கு முந்தைய நாள். மெக்சிகோ வளைகுடாவிலிருந்து தெற்குக் காற்று வீசும், சென்னைபோல் பிசுபிசுக்கும், மக்கள் அரைக்கால் சட்டையோடு நடை போவார்கள். பிறகு வடக்கு அடிவானத்தில் கருநீலமாக ஒரு கோடு. காற்று ஒரு கணம் தயங்கி, வடக்கிலிருந்து அறையும். ஒரு மணி நேரத்துக்குள் 20 டிகிரி ஃபாரன்ஹீட் இறங்குவதை நான் வாசலில் நின்றே பார்த்திருக்கிறேன். இதற்கு இங்கே 'புளூ நார்தர்' என்று பெயர். 1911 நவம்பர் 11 அன்று டல்லாஸுக்கு வடக்கே மூன்று மணி நேரக் கார் பயணத் தொலைவில் இருக்கும் ஓக்லஹோமா சிட்டியில் பகலில் 83 டிகிரி, அன்று நள்ளிரவுக்குள் 17. அந்தத் தேதிக்கான உச்சம், தாழ்வு இரண்டு சாதனைகளும் இன்றும் அந்த ஒரே நாளிடம்தான் இருக்கின்றன.

ஆகவே கைப்பேசியில் 'இன்று அதிகபட்சம் 65' என்று பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். அந்த 65 காலை ஏழு மணிக்கே முடிந்து போயிருக்கலாம். மணிவாரியான முன்னறிவிப்பைத் திறந்து, காற்றின் திசை எப்போது வடக்காகிறது என்று பாருங்கள். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைக்கப் போகும் நேரத்துக்குரிய உடைதான் காலையில் அவர்கள் பையில் இருக்க வேண்டும்.

இன்னொன்றை என் கறிவேப்பிலைச் செடி உயிரைக் கொடுத்துச் சொல்லித் தந்தது. இங்கே தமிழ் வீடுகளில் கறிவேப்பிலை தொட்டியில்தான் வளரும். ஃப்ரண்ட் வருகிறது என்றால் அதைத் தூக்கி உள்ளே வைப்பது ஒரு சடங்கு. முதல் இரவு ஊளையிடும் காற்றில் உள்ளே வைத்திருந்தேன். மறுநாள் வெயில், காற்றும் அடங்கிவிட்டது, ஆபத்து போயிற்று என்று வெளியே வைத்தேன். விடிந்து பார்த்தால் இலையெல்லாம் கருகித் தொங்கியது. காற்று நின்று, வானம் தெளிந்து, ஈரப்பதமும் போய்விட்டால், தரையின் சூடு இரவு முழுவதும் தடையில்லாமல் மேலே போய்விடுகிறது. பல நேரங்களில் இரண்டாம் இரவுதான் கொல்லும்.

பனிப்பொழிவை எதிர்பார்த்துக் கேமராவோடு வராதீர்கள். பெரும்பாலான ஃப்ரண்டுகள் வறண்டவை: உதடு வெடிக்கும், கதவுப் பிடியைத் தொட்டால் சுரீர் என்று ஷாக் அடிக்கும், அதோடு சரி. பயப்பட வேண்டியது உறைமழைக்கு. தரையோடு குளிர்காற்று மெல்லியதாகப் படிந்திருக்க, மேலே வெப்பக் காற்றிலிருந்து மழை விழுந்தால், தொட்ட இடமெல்லாம் கண்ணாடியாக உறையும். பாலங்கள் முதலில் உறையும், ஏனென்றால் அவற்றுக்கு அடியிலும் குளிர்காற்றுதான். 2021 பிப்ரவரி 11 அன்று ஃபோர்ட் வொர்த் நெடுஞ்சாலையில் 130-க்கும் மேற்பட்ட வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதி ஆறு பேர் இறந்தது இப்படித்தான். அன்று வேலைக்குப் போகாதீர்கள். இங்கே யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

உடை பற்றிக் கேட்டீர்கள். ஜனவரியில் பகல் சராசரி 57, இரவு 37 டிகிரிக்குப் பக்கம். நல்ல ஜாக்கெட் ஒன்று, காதை மூடும் குல்லா, கையுறை, உள்ளே அடுக்கடுக்காகப் போட மெல்லிய துணிகள் போதும். விருதுநகர் வெயிலில் வளர்ந்த எனக்கே போதுமாக இருக்கிறது. கனடாவுக்குப் போவதுபோல் வாங்கிக் குவிக்க வேண்டாம்.

உடையைவிட வீட்டைப் பாருங்கள். இங்குள்ள வீடுகளில் தண்ணீர்க் குழாய்கள் வெளிச்சுவரிலும் பரணிலும் ஓடுகின்றன. உறைநிலைக்குக் கீழே போகும் இரவில் வெளிக்குழாய்க்கு மூடி போடுங்கள், உள்ளே குழாயைச் சொட்ட விடுங்கள், சிங்க் அலமாரிக் கதவைத் திறந்து வையுங்கள். சாவி வாங்கும் அன்றே மெயின் வால்வு எங்கே என்று கேட்டுவிடுங்கள். எனக்கு அது 2021-ல், மின்சாரம் இல்லாத இரவு இரண்டு மணிக்கு, பரணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும்போதுதான் தெரிந்தது: தெருவோரம் பனிக்கு அடியில் ஒரு மூடி, அதைத் திருப்ப நீளமான ஒரு சாவி வேண்டும், அந்தச் சாவி பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் இருந்தது.