மகனைக் கல்லூரி மாறச் சொல்கிறார்கள்… மாறலாமா?

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டை முடிக்கப் போகிறான். டிவிஷன் 1 (கல்லூரி விளையாட்டின் மேல்மட்டப் பிரிவு) டென்னிஸ் அணியில் ஆடுகிறான். ஆண்டுச் செலவு 45,000 டாலர். அதில் பாதி ஸ்காலர்ஷிப். இப்போது ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் உதவி கோச், நண்பன் மூலம் தூது விட்டிருக்கிறார்: “70 சதவீத ஸ்காலர்ஷிப், மேலே என்ஐஎல் பணம் 15,000 டாலர். போர்ட்டலில் (கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் இணையப் பட்டியல்) பெயர் கொடு.” நடுவில் ஓர் ஏஜென்ட் 20 சதவீத கமிஷனுக்குக் கையெழுத்து கேட்கிறார். மகன் ஒற்றைக்காலில் நிற்கிறான். என்ன செய்யலாம்?
– கோவை வாசகர்

பதில்: முதலில் அந்த 15,000 டாலரைக் கணக்கிலிருந்து அடித்துவிடுங்கள். மீதியை வைத்துப் பேசுவோம்.

என்ஐஎல் என்பது வீரரின் பெயர், உருவம், அடையாளம் ஆகியவற்றை விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கும் உரிமை. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ இதை 2021 ஜூலை 1 முதல் அனுமதித்தது. 2025 ஜூன் மாதம் என்சிஏஏ மீது வீரர்கள் தொடுத்த ‘ஹவுஸ்’ வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்தபின், பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம் என்றாயிற்று. முதல் ஆண்டுக்கு உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 2.05 கோடி டாலர். கேட்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் பெரிய பல்கலைக்கழகங்களில் பரவலாகப் பேசப்படும் பங்கீடு இது: அமெரிக்கன் ஃபுட்பாலுக்கு 75 சதவீதம், ஆண்கள் கூடைப்பந்துக்கு 15, பெண்கள் கூடைப்பந்துக்கு 5. மிச்சமிருக்கும் 5 சதவீதத்தில்தான் டென்னிஸ், நீச்சல், கோல்ஃப், தடகளம் எல்லாம். முழு வரம்பையும் செலவழிக்கும் இடத்தில்கூட அது பத்து லட்சம் டாலரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அதிலிருந்து ஒரு டென்னிஸ் பையனுக்கு 15,000 வருமா என்பது சந்தேகம். வெளி நிறுவனம் தரும் என்றால் எந்த நிறுவனம், எதற்காக என்று பெயரோடு சொல்ல வேண்டும்.

அப்படியே சொன்னாலும், உங்கள் மகனிடம் இருப்பது எஃப்-1 மாணவர் விசா. என்சிஏஏ விதி மாறியது. குடியேற்ற விதி மாறவில்லை. அமெரிக்க மண்ணில் நின்று விளம்பரப் படப்பிடிப்புக்குப் போவது, காசுக்கு இன்ஸ்டாகிராமில் பதிவு போடுவது, கையெழுத்து போட்டு விற்பது ஆகியவை அனுமதியில்லாத வேலையாகக் கருதப்படலாம். விசா நிலையே பறிபோகலாம். பின்னாளில் ஹெச்-1பி கேட்கும்போதும் அது குறுக்கே நிற்கும். பல்கலைக்கழகம் நேரடியாகத் தரும் பணத்தை எஃப்-1 மாணவர் வாங்கலாமா என்பதில் வழக்கறிஞர்களே ஒன்றுபடவில்லை. கென்டக்கி பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியில் ஆடிய காங்கோ வீரர் ஆஸ்கர் ஷிப்வே, 2022இல் அணியோடு பஹாமாஸ் போனபோதுதான் விளம்பர வேலைகளை முடித்தார். உங்கள் மகனுக்கும் ஓரளவு பத்திரமான வழி அதுதான்: விடுமுறைக்குக் கோவை வரும்போது இங்கே படப்பிடிப்பு, இங்கிருந்தே பதிவு, இந்திய வங்கிக் கணக்கில் பணம். அதையும் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். 600 டாலரோ அதற்கு மேலோ உள்ள ஒப்பந்தத்தை 5 வேலை நாட்களுக்குள் வெளி ஒப்பந்தங்களைச் சரிபார்க்கும் ‘என்ஐஎல் கோ’ தளத்தில் பதிய வேண்டும். பதியாவிட்டால் ஆடும் தகுதிக்கே ஆபத்து.

அடுத்தது ஸ்காலர்ஷிப். சதவீதம் ஆளை ஏமாற்றும். இப்போது 45,000இல் பாதி போக உங்கள் கையிலிருந்து போவது 22,500. புதிய இடத்தின் ஆண்டுச் செலவை நீங்கள் எழுதவில்லை. அது 85,000 என்று வையுங்கள். தனியார் பல்கலைக்கழகங்களில் இது சாதாரணம். 70 சதவீதம் போனாலும் நீங்கள் கட்டுவது 25,500. அதிக ஸ்காலர்ஷிப் வாங்கி ஆண்டுக்கு 3,000 டாலர் கூடுதலாகக் கொடுப்பீர்கள்! அந்த 70 சதவீதம் எதில் என்றும் கேளுங்கள்: கல்விக் கட்டணத்தில் மட்டுமா, தங்குமிடம், சாப்பாடு சேர்த்தா? தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் தரும் ஸ்காலர்ஷிப்புக்கு வரி உண்டு. எஃப்-1 மாணவருக்குப் பொதுவாக 14 சதவீதம் முதலிலேயே பிடிப்பார்கள்.

சமரசத்தில் சேர்ந்த பல்கலைக்கழகங்களில் ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக்கு இருந்த வரம்பு போய், அணி அளவுக்கு வரம்பு வந்திருக்கிறது. ஆண்கள் டென்னிஸில் முன்பு ஓர் அணிக்கே 4.5 ஸ்காலர்ஷிப்தான், இப்போது அணியில் 10 பேர், பத்துப் பேருக்கும் முழுதாகக் கொடுக்கத் தடையில்லை. எனவே 70 சதவீதம் என்பது நடக்கக்கூடிய பேச்சுதான். ஆனால் பதினோராவது ஆளுக்கு இடம் கிடையாது. அந்தப் பத்தில் உங்கள் மகன் எத்தனையாவது ஆள்? ஒற்றையரில் ஆறு பேர்தான் களமிறங்குவார்கள்.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது கிரெடிட் (முடித்த பாடங்களுக்குக் கிடைக்கும் மதிப்பு அலகு) விஷயத்துக்குத்தான். மூன்றாம் ஆண்டில் ஆட வேண்டுமானால் பட்டத்தின் 40 சதவீதம் முடிந்திருக்க வேண்டும். நான்காம் ஆண்டுக்கு 60. 120 கிரெடிட் படிப்பென்றால் 48. உங்கள் மகன் 60 முடித்திருக்கலாம். புதிய இடம் அதில் 42ஐ மட்டும் அந்தப் பட்டத்துக்கு ஏற்றால் ஆட முடியாது. ‘கிரெடிட் மாற்றிக்கொள்கிறோம்’ என்பதும் ‘பட்டத்துக்குக் கணக்கில் எடுக்கிறோம்’ என்பதும் வேறு வேறு. பொறியியல், வணிகம் படிப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஒரு செமஸ்டர் கூடினால் அதற்கான செலவு முழுவதும் உங்கள் தலையில்.

போர்ட்டல் விவகாரத்தில் ஒரு சங்கடம் இருக்கிறது. பெயர் அதில் ஏறும்வரை மற்ற கல்லூரியின் கோச் உங்கள் மகனிடம் பேசவே கூடாது. ஆள் வைத்துப் பேசுவதும் விதிமீறல்தான். அதாவது அவர் சொன்ன எதையும் இப்போது எழுத்தில் தர முடியாது. பெயரைக் கொடுத்தபின் பேசலாம், ஆனால் இப்போதைய கல்லூரி அந்த செமஸ்டரோடு ஸ்காலர்ஷிப்பை நிறுத்திக்கொள்ளலாம். இந்தக் கரை கைவிட்டு, அந்தக் கரையில் ஆள் இல்லாமல் போனவர்கள் ஏராளம். வாய்ச்சொல்லின் கதியைப் பார்க்க மேத்யூ ஸ்லூகா போதும்: 2024இல் அவர் ஆடிய யுஎன்எல்வி (நெவாடா பல்கலைக்கழகம், லாஸ் வேகாஸ்) ஃபுட்பால் அணி முதல் மூன்று ஆட்டங்களையும் வென்ற நிலையில், சொன்ன ஒரு லட்சம் டாலர் வரவில்லை என்று விலகினார். உதவி கோச் வாக்குக் கொடுத்தார் என்றது அவர் தரப்பு; பல்கலைக்கழகம் அதை ஏற்கவில்லை.

ஆகவே பெயர் கொடுக்குமுன் யாரையும் கேட்காமல் செய்யக்கூடியதைச் செய்யுங்கள். அந்தப் பல்கலைக்கழக இணையதளத்தில் கிரெடிட் மாற்றப் பட்டியல் இருக்கும். மதிப்பெண் பட்டியலை வைத்து ஒவ்வொரு பாடமாகப் பொருத்திப் பாருங்கள். மொத்தச் செலவும் அங்கேயே கிடைக்கும். மகன் தன் கோச்சிடம் நேராகப் போய், அடுத்த ஆண்டு ஸ்காலர்ஷிப்பைக் கூட்ட வழியுண்டா என்று கேட்கட்டும். பலர் இதைக் கேட்காமலே கிளம்பிவிடுகிறார்கள்.

இதற்குப் பிறகும் போகத் தோன்றினால், எழுத்தில் விண்ணப்பித்த 2 வேலை நாட்களுக்குள் இப்போதைய கல்லூரி மகனின் பெயரைப் போர்ட்டலில் ஏற்ற வேண்டும். டென்னிஸுக்கான தேதிகளைக் கல்லூரியின் கம்ப்ளையன்ஸ் (விளையாட்டு விதிகளைக் கவனிக்கும்) அலுவலகம் சொல்லும். புதிய இடத்திலிருந்து கையெழுத்தான ஸ்காலர்ஷிப் ஒப்பந்தமும், பட்டத்துக்கு ஏற்கும் கிரெடிட் எண்ணிக்கையும், சேர்க்கைக் கடிதமும் வந்தபின்தான் செவிஸ் (அமெரிக்க அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவேடு) பதிவை மாற்றச் சொல்ல வேண்டும். மாற்றத் தேதி வரும்வரை ரத்து செய்யலாம். அது கடந்தால் பதிவு புதிய கல்லூரியின் கையில். மாணவர் விசாவுக்கு ஆதாரமான புதிய ஐ-20 படிவத்தை அவர்கள் தருவார்கள்.

ஏஜென்டுக்கு இப்போது கையெழுத்து வேண்டாம். என்எஃப்எல் (அமெரிக்கன் ஃபுட்பாலின் தொழில்முறை லீக்) வீரரின் ஏஜென்டே அணி ஒப்பந்தத்தில் 3 சதவீதத்துக்கு மேல் வாங்க முடியாது. விளம்பர ஒப்பந்தங்களுக்கு 10 முதல் 20 வரை கேட்பது வழக்கம்தான், ஆனால் எஃப்-1 மாணவருக்கு அவர் எதைப் பிடித்துத் தரப் போகிறார்? ஸ்காலர்ஷிப் தொகையிலும் பங்கு கேட்கிறாரா, ஒப்பந்தம் என்றைக்கு முடிகிறது, தொழில்முறை வருமானத்தையும் தொடுகிறதா என்று பாருங்கள். ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஃபுட்பால் வீரர் ஜெர்வான் டெக்ஸ்டர் 2022இல் ஒரு நிறுவனத்திடம் 4,36,485 டாலர் வாங்கிக்கொண்டு, 25 ஆண்டுகளுக்குத் தன் என்எஃப்எல் வருமானத்தில் 15 சதவீதத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, மறு ஆண்டே நீதிமன்றம் போனார். உங்களிடம் வந்த தாளை, அந்த மாநிலத்தில் அவர் பதிவுபெற்ற ஏஜென்டா என்ற கேள்வியோடு சேர்த்து, ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.